உம்மாவின் மீட்சேப்



உங்கள் வீட்டுப் பின்விறாந்தையிலோ குசினி மூலையிலோ பழைய மரச் சாமான் ஒன்று நின்றுகொண்டுதான் இருக்கும். கால் ஆடும் மேசை, கண்ணாடி உடைந்த அலுமாரி, பிள்ளைகள் வளர்ந்த பின் யாரும் படுக்காத தொட்டில் என்று ஏதோ ஒன்று. "வீசவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடியிருக்கும். ஹோலில் வைக்க நல்லதொரு டீப்போ இல்லையே என்ற குறையும் அதே வீட்டில் இருக்கும். இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாகத் தீர்த்துக்கொண்ட கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பழைய சாமான், உம்மாவின் மீட்சேப்.

மீட்சேப்பைக் கண்டிராத இளம் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நான்கு கால்களில் நிற்கும் சிறிய மர அலுமாரி அது. கதவுகளிலும் இரு பக்கங்களிலும் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்திருக்கும். பிரிஜ் வருவதற்கு முன்னர் ஆக்கிய கறி, பொரித்த மீன், காய்ச்சிய பால் எல்லாம் அதற்குள்ளேதான். பூனையும் ஈயும் உள்ளே போகாது. காற்று மட்டும் போய் வரும். எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நிறுத்தி வைப்பார்கள்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா எங்களோடு வந்து சேர்ந்தார். ஒரு சூட்கேசும் இந்த மீட்சேப்பும்தான் அவர் கொண்டுவந்த சாமான்கள். எங்களுடையதோ இரண்டு அறையும் ஒரு ஹோலும் உள்ள வீடு. விருந்தாளி வந்தால் போடும் தலையணைகளும் பாய்களும் கட்டிலுக்கடியில். பெருநாளைக்கும் கத்தத்துக்கும் மட்டும் எடுக்கும் சஹன் தட்டுகள் அலுமாரிக்கு மேலே. ஹோலில் ஒரு மேசை இல்லாததால் வருபவர்களுக்குத் தேத்தண்ணித் தட்டைப் பிளாஸ்டிக் கதிரையின் மேல் வைத்துக் கொடுப்போம். எனக்கு அது பெரிய மனக்குறை. கண்ணாடி பதித்த டீப்போ ஒன்றை ஒரு கடையில் பார்த்து வைத்திருந்தேன். முற்பணம் கட்டினால் மீதியைத் தவணையில் தருகிறோம் என்றார்கள். அதை வைக்க இடம் வேண்டுமே! மீட்சேப்பைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

உம்மாவிடம் சொன்னபோது, "ஒன்ட வீடு மகள், ஒன்ட விருப்பம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று அஸருக்குப் பிறகு அதிலிருந்த சாமான்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, ஈரத்துணியால் தட்டுத் தட்டாகத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை. கையில் துணியோடு நின்றுகொண்டே இருந்தார்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? பிரிஜுக்குள் வைத்ததெல்லாம் பழுதாகி நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, காலையில் ஆக்கிய கறியைச் சூடுகாட்டி இரவு வரை காத்துத் தந்தது இந்த மீட்சேப்தான். அதை நான் மறந்துவிட்டேன். உம்மா மறக்கவில்லை.

பழைய சாமான் வாங்குபவர் வந்தார். கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்க்க மீட்சேப்பை மல்லாக்கச் சாய்த்தார். தட்டிப் பார்த்தார். "விறகுக்குத்தான் சரி" என்று ஒரு விலை சொன்னார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், சாய்த்தபடியே கிடந்த மீட்சேப்பின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என் சின்ன மகன்!

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. உடனே அளவு நாடாவை எடுத்து அளந்தேன். காலை விட்டால் நீளம் 45 அங்குலம், அகலம் 30 அங்குலம், கிடந்தபடி உயரம் 15 அங்குலம். செட்டிக்கு முன்னால் வைக்கும் மேசைக்கு 16 முதல் 18 அங்குல உயரம் போதும். செட்டியின் இருக்கைக்குச் சமமாக, அல்லது சற்றுத் தாழ்வாக இருப்பதுதான் அழகும் வசதியும். ஆக, எங்கள் டீப்போ இத்தனை காலமும் குசினியில் எழுந்து நின்றிருக்கிறது!

உம்மாவிடம் இரண்டாம் முறை பேசினேன். இந்த முறை அறிவிக்கவில்லை, கேட்டேன். காலை வெட்ட வேண்டிவரும், கதவைக் கழற்ற வேண்டிவரும் என்று ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "வெட்டினா வெட்டு. ஆனா பக்கத்துக் கம்பிவலைய மட்டும் கழட்டாதே. காத்துப் போகாத பெட்டிக்குள்ள வெச்ச சாமான் நாறிப் போகும்" என்றார். நானோ வலையைப் பிய்த்துவிட்டுப் பலகை அடித்து மூடுவதாகத்தான் இருந்தேன். உம்மாவின் மனதுக்காக ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்தான் முழு வேலையிலும் மிகப் பெரிய புத்தி என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் மரத்தைப் பாருங்கள்

எந்தப் பழைய சாமானிலும் கைவைக்க முன்னர் அரை மணித்தியாலம் அதைப் பரிசோதிப்பதற்குச் செலவிடுங்கள். கால்களின் அடியிலும் மூலைப் பொருத்துகளிலும் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி இலகுவாக உள்ளே இறங்கினால் மரம் உக்கிவிட்டது. மண்கோடு ஓடியிருந்தால் கறையான். குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற புதிய தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லாவிட்டால் அது பழைய காயமாக இருக்கலாம். சாமானுக்கடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தூள் விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். விழுந்தால், ஹார்ட்வெயார் கடையில் விற்கும் மரப்புழு மருந்தைத் தகரத்தில் எழுதியிருக்கும் முறைப்படி பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே வீட்டுக்குள் எடுங்கள்.

எங்கள் மீட்சேப்பில் ஓரிடத்தைச் சுரண்டியபோது மஞ்சள் நிறம் தெரிந்தது. பலா மரம்! பலா வெட்டியபோது மஞ்சளாக இருந்து, காலம் போகப் போகக் கபில நிறமாகும். விறகு விலைக்குக் கேட்கப்பட்டது நல்ல பலா மரம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பகீரென்கிறது.

பழைய பெயின்ட் விஷயத்தில் கவனம்

சகோதரிகளே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். இலங்கையில் பெயின்ட்டிலுள்ள ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். அதற்கு முந்திய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் தூள், வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கக்கூடியது. வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கும் ஆகாது.

ஆகவே பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து மேலே புதிய பெயின்ட்டைப் பூசுங்கள். உரிந்து கிடக்கும் இடங்களை மட்டும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புச் சேன்ட் பேப்பரால், வீட்டுக்கு வெளியே வைத்துத் தேய்த்தெடுங்கள். தூள் பறக்காது. முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். கீழே பழைய பத்திரிகை விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது. அன்று உடுத்த உடுப்பையும் தனியாகத் துவையுங்கள்.

செய்த முறை

மீட்சேப்பை மல்லாக்கச் சாய்த்து வைத்தோம். பழைய முதுகுப் பலகை இப்போது அடித்தட்டு. கதவு இருந்த பக்கம் மேலே வந்துவிட்டது. கம்பிவலை அடித்த இரண்டு பக்கங்களும் மேசையின் நீளப் பக்கங்களாகிவிட்டன.

முதல் வேலை, கதவுகளைக் கழற்றுவது. கதவுச் சட்டங்களையும் அதிலிருந்த வலையையும் வீசவில்லை. பக்க வலையில் இரண்டு இடம் கிழிந்திருந்தது. கதவு வலையிலிருந்து துண்டு வெட்டி அங்கே தைத்தோம்.

இரண்டாவது, கால்கள். 9 அங்குலக் கால்கள் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அடியோடு அறுத்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 2 அங்குலத் துண்டு வெட்டினோம். அந்த நான்கு துண்டுகளும்தான் டீப்போவின் புதிய கால்கள். அவற்றைப் பசையும் ஸ்குரூ ஆணியும் கொண்டு மூலைச் சட்டங்களின் கீழே பொருத்த வேண்டும். மெல்லிய முதுகுப் பலகையில் பொருத்தினால் பாரம் தாங்காது.

மூன்றாவது, மேற்கூரைப் பலகை. இது விளிம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதும் அந்த முனை திறந்துகொண்டது. உள்ளே இருந்த மேல் தட்டு இப்போது குறுக்குச் சுவராக நிற்பதால், 15 அங்குல ஆழத்தில் அழகான ஒரு மாடம் கிடைத்தது. பத்திரிகைகள், பிள்ளைகளின் கொப்பிகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள்.

நான்காவது, கீழ்த் தட்டையும் கழற்றினோம். அதனால் 30 அங்குலத்துக்கு 30 அங்குலம் ஒரு பெரிய அறை கிடைத்தது. தலையணைகளும் போர்வைகளும் சஹன் தட்டுகளும் தாராளமாக அடங்கும். கழற்றிய தட்டையும் கூரைப் பலகையையும் அந்த அறையின் அடியில் பக்கம் பக்கமாகப் போட்டு ஆணி அடித்ததில் அடித்தட்டு உறுதியானது.

ஐந்தாவது, மேற்பலகை. இதற்கு மட்டும்தான் புதிதாக மரம் வாங்கினோம். 8 அடிக்கு 4 அடிப் பிளைவூட்டில் பாதி, 12 மில்லிமீற்றர் தடிப்பு. அதை 47 அங்குலத்துக்கு 32 அங்குலமாக மரக்காலையிலேயே வெட்டி வாங்கினோம். நேராக வெட்டுவது மெசினுக்குத்தான் வரும், அதில் கௌரவம் பார்க்காதீர்கள். மிஞ்சிய துண்டு மாடத்தின் அடிக்கு உதவியது.

மேற்பலகையை ஒரே துண்டாக வைக்கவில்லை. மாடத்துக்கு மேலே வரும் 16 அங்குலத்தை அசையாமல் பொருத்தி, மீதி 31 அங்குலத்தை மூடியாக்கினோம். இரண்டும் சந்திக்குமிடத்தில், கதவுச் சட்டம் ஒன்றை 30 அங்குலத்துக்கு வெட்டிக் குறுக்காக அடித்தோம். பிணைச்சலின் ஒரு பக்கம் அந்தக் குறுக்குச் சட்டத்தில், மறு பக்கம் மூடியின் அடியில் ஒட்டிய இன்னொரு சட்டத்தில். பிளைவூட்டில் நேரடியாக ஸ்குரூ ஆணி முடுக்கினால் நுனி மேலே கிளம்பிவிடும், பிடிப்பும் இருக்காது. இப்படிப் பிரித்ததில் இன்னொரு வசதி: தேத்தண்ணித் தட்டை அசையாத பகுதியில் வைத்தால், அதை எடுக்காமலே மூடியைத் திறக்கலாம். மூடி தட்டில் போய் முட்டாதபடி, நேராக நிமிர்வதற்குச் சற்று முன்பே நிற்கும் விதமாகத் தாங்கிகளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மரத்துக்கு மூன்று மெல்லிய பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு அடுத்தது. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் ஒட்டிக்கொண்டே இருக்கும். வலையின் துருவைக் கம்பிப் பிரஷால் தட்டிவிட்டு, பெயின்ட்டை ஒட்டியும் ஒட்டாமலும் பூசுங்கள். இல்லாவிட்டால் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் தரைக்குத் தண்ணீர் போட்டுத் துடைப்பது வழக்கம் அல்லவா? கால் துண்டுகளின் அடிப்பக்கம்தான் அந்தத் தண்ணீரை உறிஞ்சும். அங்கே இரண்டு பூச்சு பெயின்ட் பூசி ரப்பர் மூடி போடுங்கள்.

நான் விட்ட பிழை

கால் துண்டுகளைக் கண்மட்டத்துக்கு அறுத்தேன். ஒன்று கால் அங்குலம் குறைந்துவிட்டது. மேசை ஆட, மற்றதைக் கொஞ்சம் அறுத்தேன். இப்போது அடுத்தது உயரம். "இப்படியே போனா மேச பாயாகிடும்" என்று மகன் சிரித்தான். குறைந்த காலின் கீழே மெல்லிய மரத்துண்டு ஒன்றை ஒட்டி ஒருவாறு சமப்படுத்தினோம். நீங்கள் செய்யும்போது நான்கு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டுவிட்டு அறுங்கள். ஒரு கால் குறைந்தால் அதை உயர்த்துங்கள். மற்றதைக் குறைக்கப் போகாதீர்கள்.

மூடியும் பிள்ளைகளும்

மூடியுள்ள எந்தப் பெட்டியும் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு. 1996இல் அமெரிக்காவில், மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் மரப் பெட்டிகளுக்குள் பிள்ளைகள் அகப்பட்டு மூச்சுத் திணறி இறந்ததால், சுமார் 1 கோடி 20 இலட்சம் பெட்டிகளின் பூட்டுகளை மாற்றும்படி அறிவிக்கப்பட்டது. ஒளிந்து விளையாடப் போன பிள்ளைகள்!

எனவே மூன்று விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொளுக்கியோ பூட்டோ போடாதீர்கள். எந்த நிலையில் விட்டாலும் மூடி அங்கேயே நிற்கும் தாங்கிகள் கடையில் உண்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பொருத்துங்கள். சட்டங்களோடு சேர்த்து மூடி ஐந்து கிலோவரை பாரம் வரும், தலையிலோ விரலிலோ விழுந்தால் சின்னக் காயம் அல்ல. மூடியின் ஓரத்தில் தடிப்பான ரப்பர்க் குமிழ்களை ஒட்டினால், மூடிய பிறகும் விரல் நசுங்காத இடைவெளி இருக்கும். நான்காவதாக ஒன்று உண்டு, காற்றுப் போக வழி. அதை உம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆம், அந்தக் கம்பிவலை! எங்களுடையது கடற்கரையூர். மூடிய அலுமாரிக்குள் தலையணை வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். இந்த டீப்போவுக்குள் வைத்தவை இரண்டு மாரி கழிந்தும் காய்ந்தபடியே இருக்கின்றன. கறியைக் காத்த அதே காற்றுத்தான் இப்போது தலையணையைக் காக்கிறது. நான் நினைத்தபடி பலகை அடித்து மூடியிருந்தால், அழகான ஒரு மேசைக்குள் பூஞ்சணத்தை வளர்த்திருப்பேன்.

எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம்

கையில் வாள் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அறுத்துவிடாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்கள் தண்ணீர் பட்டு ஊதியிருந்தால் ஸ்குரூ ஆணி பிடிக்காது, உழைப்பு வீண். பழங்காலப் பெட்டகம், செதுக்கு வேலை செய்த கதிரை போன்றவற்றை, விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வெட்டவோ பெயின்ட் பூசவோ வேண்டாம். யாருடைய சாமானோ அவருடைய வாயால் "சரி" என்ற சொல் வரும்வரை அதில் கை வைக்காதீர்கள். "ஒன்ட விருப்பம்" என்பது சரி அல்ல. அது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

பிளைவூட், பிணைச்சல், தாங்கி, வார்னிஷ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கடையில் கேட்ட முற்பணத்தில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. தவணை இல்லை, கடன் இல்லை. மாலையில் ஒரு மணித்தியாலம், விடுமுறை நாளில் இரண்டு மணித்தியாலம் என்று மூன்று வாரம் பிடித்தது. வாளைப் பிடித்தது என் கணவர், தேய்த்தது நான், ஆணி எடுத்துக் கொடுத்தது மகன். வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது உம்மா!

இப்போது வீட்டுக்கு வருபவர்கள், "எங்க வாங்கின?" என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்ல முந்தி உம்மா தொடங்கிவிடுவார். வாப்பா அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து கதை வரும். தேத்தண்ணி ஆறிப் போகும். யாரும் குறை சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஈரத்துணியோடு அந்த வலையைத் துடைப்பது இன்றும் அவருடைய வேலைதான். துடைத்து முடித்தபின் இப்போதெல்லாம் அவர் அங்கே நிற்பதில்லை. பக்கத்தில் செட்டியில் உட்கார்ந்து, "மகள், தேத்தண்ணி ஒண்டு கொண்டு வா" என்கிறார்.

உங்கள் பின்விறாந்தையில் நிற்பது என்ன, சகோதரிகளே? இன்று மாலை அளவு நாடாவோடு போய், அதை ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.